கி.பி. 3000-ஐ வரைந்த கதை: ‘ஃப்யூச்சராமா’ முதல் எபிசோடின் பின்னணி

காசிமேட்டில் கேமராவை வைத்தால் காகம் இலவசம். ஏலக்கூடையைச் சுற்றி நிற்கிற கூட்டம், விசைப்படகின் டீசல் புகை, ஓரத்தில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்தபடி கேமராவை முறைக்கிற பெரியவர் என எதையும் இயக்குநர் கேட்டிருக்க மாட்டார். தானாக வந்து ஃப்ரேமுக்குள் விழும். தமிழ் சினிமா வடசென்னையைத் தேடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். செட் போட்டால் லட்சக்கணக்கில் செலவாகும் சமாச்சாரங்கள் ராயபுரத்திலும் எண்ணூரிலும் ரோட்டிலேயே கிடக்கின்றன. வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்தை அடக்குகிற செலவு தனி.

அனிமேஷனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு காகம் பறக்க வேண்டுமென்றால் அதைக் கதையில் ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் அதன் மூக்கும் வாலும் எப்படி இருக்கும் என்று முடிவு செய்ய வேண்டும், ஒருவர் வரைய வேண்டும், ஒருவர் நிறம் கொடுக்க வேண்டும், கடைசியில் ஒருவர் பார்த்துவிட்டு “காகம் ஏன் புறா மாதிரி நடக்கிறது?” என்று திருப்பி அனுப்ப வேண்டும். சினிமாவின் ஷூட்டிங் ஸ்பாட் சுவாரஸ்யங்கள் பெரும்பாலும் தற்செயல்கள்: மழை வந்தது, நாய் குறுக்கே ஓடியது, ஹீரோ வசனத்தை மறந்து வேறு ஏதோ பேசினார், அதையே வைத்துக்கொண்டார்கள். அனிமேஷன் தொடரின் பின்னணித் துணுக்குகள் வேறு ரகம். திரையில் இருக்கிற ஒவ்வொன்றையும் யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள், யாரோ அதற்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அறிவியல் புனைகதை என்றால், அதன் முதல் எபிசோடு என்றால், கதவின் கைப்பிடி முதல் குப்பைத்தொட்டி வரை எதுவுமே ஏற்கெனவே கிடையாது.

இதை விளக்க எனக்குத் தோதான உதாரணம் ‘ஃப்யூச்சராமா’. 1999 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அதன் முதல் எபிசோடு ‘ஸ்பேஸ் பைலட் 3000’ ஒளிபரப்பானது. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரை உருவாக்கிய மேட் கிரேனிங், அதில் எழுத்தாளராக இருந்த டேவிட் எக்ஸ். கோஹன், இருவரும் சேர்ந்து எழுதியது. ரிச் மூரும் கிரெக் வான்ஸோவும் இயக்கினார்கள். தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: ஃப்ரை என்ற பீட்ஸா டெலிவரி பையன் 1999 டிசம்பர் 31 இரவு, மனிதர்களை உறைய வைத்துப் பாதுகாக்கும் ஒரு ஆபீஸுக்கு ஆர்டர் கொண்டுபோகிறான். ஆர்டர் கொடுத்தவர் என்று அங்கே யாரும் இல்லை. ஏமாந்துபோய் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறான், நாற்காலி கவிழ்கிறது, உறைபெட்டிக்குள் விழுகிறான், கதவு மூடிக்கொள்கிறது. விழிக்கும்போது 2999 டிசம்பர் 31. ஆயிரம் வருஷம் தாண்டிப் போயும் அவனுக்கு ஒதுக்கப்படுகிற வேலை டெலிவரி பையன்.

தண்டையார்பேட்டையில் வார இறுதியில் சில பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு கொஞ்ச காலம் வெளிநாட்டுத் தொடர்களுக்கு இன்பிட்வீன் போடுகிற வேலையில் இருந்தேன். இன்பிட்வீன் என்றால், கை கீழே இருக்கிற படமும் மேலே இருக்கிற படமும் நமக்கு வந்துவிடும். நடுவில் கை எப்படிப் போகிறது என்பதை நாம் வரைய வேண்டும். ஹீரோவின் முகத்தை யாரோ வரைந்திருப்பார்கள், அவன் கண் சிமிட்டுவதில் பாதி நம்முடையது. அதனால் இந்த எபிசோடை நான் பார்க்கிற விதம் கொஞ்சம் கோணலாக இருக்கலாம்.

முதலில் குரல். நம் ஊரில் படம் எடுத்து முடித்த பிறகு டப்பிங். சுட்டி டிவி 2007-இல் வந்தபோது ஜாக்கி சான் தமிழில் பேசியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, கார்ட்டூன் என்றாலே படம் முதலில், குரல் அப்புறம் என்றுதான் பதிந்திருக்கிறது. அமெரிக்கத் தொடர்களில் தலைகீழ். கதை எழுதியதும் நடிகர்களை உட்காரவைத்து மொத்த வசனத்தையும் வாசிக்கச் சொல்வார்கள். எது சிரிப்பு வரவில்லையோ அதைத் திருத்திவிட்டுக் குரலைப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டேதான் ஓவியர் வரைய ஆரம்பிப்பார். எந்த நொடியில் உதடு மூடுகிறது, எந்த நொடியில் ‘ஓ’ என்று குவிகிறது என்பதெல்லாம் எக்ஸ்போஷர் ஷீட் என்கிற நீளமான கட்டம் போட்ட தாளில் ஃப்ரேம் வாரியாக எழுதப்பட்டிருக்கும். நான் கையில் வைத்திருந்த அந்தத் தாள்களில் வாயின் வடிவங்களுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்திருப்பார்கள். வசனத்தின் அர்த்தமே தெரியாமல் ஒரு பாத்திரத்தைக் கோபமாகப் பேச வைத்துவிட முடியும்.

எனவே நடிகரை மாற்றினால் முகத்தின் அசைவும் மாற வேண்டும். ஃப்யூச்சராமாவில் அது முன்கூட்டியே நடந்தது. ஃப்ரை பாத்திரத்துக்கு முதலில் தேர்வானவர் சார்லி ஷ்லாட்டர். பிறகு அது பில்லி வெஸ்ட்டிடம் வந்தது. வெஸ்ட் அதற்குத் தனியாகக் குரல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருபத்தைந்து வயதில் தான் எப்படி மூக்கால் சிணுங்கிக்கொண்டே பேசினாரோ, அதையே கொடுத்தார். கார்ட்டூன் குரல் என்றால் கீச்சுக்குரல் என்று நினைக்கிற உலகத்தில் இது துணிச்சல்தான். அதே எபிசோடில் கிழட்டுப் பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கும் அவர்தான் குரல். ஃப்ரையின் வம்சத்தில் பல தலைமுறை கழித்துப் பிறந்தவர் அந்தப் பேராசிரியர். இரண்டு பேரும் பேசிக்கொள்ளும்போது ஒரே தொண்டைதான் கேள்வியும் கேட்கிறது, பதிலும் சொல்கிறது. பேராசிரியரின் பெயர் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்கிற தொலைக்காட்சி முன்னோடியை மனதில் வைத்து இட்டது.

வருத்தமான பெயர் ஒன்றும் இருக்கிறது. ஃபில் ஹார்ட்மன் என்ற நகைச்சுவை நடிகர் இந்தத் தொடரில், பிறகு வரப்போகிற ஒரு வெத்துவேட்டு விண்கப்பல் தலைவனுக்குக் குரல் கொடுப்பதாக இருந்தது. 1998 மே மாதம் அவர் கொல்லப்பட்டார். அந்தப் பாத்திரத்தையும் பில்லி வெஸ்ட்டே ஏற்றார். ஃப்ரையின் முழுப்பெயரில் ‘ஃபிலிப்’ இருப்பது ஹார்ட்மனின் நினைவாக.

பெண்டர் என்கிற ரோபோவுக்குத்தான் ரொம்ப அலைந்தார்கள். ரோபோ என்றால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எந்திரக் குரல் வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நிறையப் பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஜான் டிமாஜியோவை எடுத்தார்கள். அவர் கொடுத்தது சாராயக் கடையின் மூலையில் உட்கார்ந்து ஊரையே திட்டிக்கொண்டிருப்பவனின் குரல். அந்த ஆளை நமக்குத் தெரியும். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போது ரயில்வேயைத் திட்டிக்கொண்டு நிற்பாரே, அவர். உலோக உடம்புக்குள் அப்படி ஒரு குரலை வைத்ததும் பாத்திரம் தானாக எழுந்து நின்றுவிட்டது. வரைகிறவனாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் அசைக்க இரண்டு கண்ணும் கட்டம் போட்ட ஒரு வாயும் தவிர ஒன்றுமே இல்லை. பாதி நடிப்பைக் குரல்தான் செய்கிறது.

சரி, குரல் கிடைத்தாயிற்று. இனி ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்த படத்தொகுப்பு. அதைக் குரலோடு சேர்த்து ஓடவிட்டுப் பார்க்கிற அனிமாட்டிக் ஒன்று தயாராகும். இங்கேதான் காட்சியை வெட்டுவதும் கூட்டுவதும். சினிமாவில் எடிட்டிங் கடைசியில், அனிமேஷனில் முதலில். வரைந்து முடித்த ஒரு நிமிஷத்தைத் தூக்கிப் போடுவது பணத்தைத் தூக்கிப் போடுவது. ஃப்யூச்சராமாவை வரைந்தது ரஃப் டிராஃப்ட் ஸ்டுடியோ. மேற்பார்வையும் முக்கியப் படங்களும் கலிஃபோர்னியாவில், மீதிப் படங்கள் தென்கொரியாவில் உள்ள அதன் கிளையில்.

மீதி என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம். 22 நிமிஷ எபிசோடில் ஒரே ஒரு பாத்திரம் விடாமல் அசைந்துகொண்டே இருந்தால் 15,840 படம் வேண்டும். நிஜத்தில் யாரும் விடாமல் அசைவதில்லை, ஆனால் ஒரே காட்சியில் நாலு பேர் இருப்பார்கள்.

தூர தேசத்துக்கு அனுப்பி வாங்குவதில் இன்னொரு பயம் உண்டு, கிரேனிங்குக்கு அது பழைய காயம். 1989-இல் சிம்ப்சன்ஸ் தொடருக்கென்று முதலில் தயாரித்த எபிசோடு கொரியாவிலிருந்து திரும்பி வந்தபோது படுமோசமாக இருந்தது. சுவரும் கதவும் ரப்பர் மாதிரி வளைந்தன. பெரும்பகுதியைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. தொடரின் வருகையே தள்ளிப்போய், வேறொரு எபிசோடு டிசம்பர் 17 அன்று முதலாவதாக வந்தது. அந்தப் பழைய எபிசோடு சீசனின் கடைசிக்குப் போயிற்று. ஓவியர்கள் மட்டமானவர்கள் என்பதில்லை. இந்த உலகத்தில் கதவு வளையாது, மனிதர்கள் மட்டும்தான் இப்படி இருப்பார்கள் என்ற விதியை யாரும் சரியாக எழுதி அனுப்பவில்லை என்றால், வாங்குகிறவர் தனக்குத் தெரிந்த கார்ட்டூன் விதியைத்தான் போடுவார். நான் வேலை பார்த்த இடத்திலும் இதே கூத்துதான். தெளிவில்லாத குறிப்பு வரும், ராத்திரி முழுக்க வரைவோம், ‘ரீடேக்’ என்று ஒரே சொல்லோடு திரும்பி வரும். அந்த இரவுகளுக்கு ஓவர்டைம் கேட்டால் முதலாளி சிரிப்பார்.

முதல் எபிசோடின் கஷ்டம் இங்கேதான் பெருகுகிறது. பத்தாவது எபிசோடுக்கு வரும்போது கதாநாயகன் வீடு, ஆபீஸ், தெரு எல்லாம் வரைந்து பெட்டிக்குள் இருக்கும், எடுத்துப் பயன்படுத்தலாம். முதலாவதில் பெட்டி காலி. ‘ஸ்பேஸ் பைலட் 3000’ அதிலும் ஊதாரித்தனம் செய்கிறது. நியூயார்க் நகரத்தை மூன்று தடவை வரைய வேண்டும்: 1999-இல் இருக்கிற ஊர், 2999-இல் இருக்கிற ஊர், அந்தப் புது ஊரின் அடியில் இடிந்து கிடக்கிற பழைய ஊர். போதாததற்கு ஃப்ரை உறைந்து கிடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஆயிரம் வருஷம் ஓடுகிறது. பருவங்கள் மாறுகின்றன, பறக்கும் தட்டுகள் வந்து ஊரைப் பொசுக்குகின்றன, இடிபாட்டின் மேல் கோட்டை கொத்தளத்தோடு பழைய காலத்து ஊர் ஒன்று எழுகிறது, மறுபடி தட்டுகள் வந்து அதையும் பொசுக்குகின்றன, அதன் பிறகே கண்ணாடிக் கோபுரங்கள். கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகாது. அத்தனையும் ஒரு முறை மட்டுமே பயன்படப் போகிற படங்கள்.

இதை வகுப்பில் போட்டுக் காட்டிவிட்டு, பிள்ளைகளிடம் ராயபுரம் ரயில் நிலையத்தை 3000-இல் வரையச் சொன்னேன். 1856-இல் திறந்த கட்டடம், அந்தத் தூண்கள் இன்னும் நிற்கின்றன, ஆளுக்கொரு போட்டோ கையில் உண்டு. சுலபமான வேலைதானே என்று நினைத்து உட்கார்ந்தார்கள். பத்தே நிமிஷத்தில் சண்டை. “அண்ணா, கடல் எங்க இருக்கும்?” எண்ணூர் நெடுஞ்சாலையில் கடலரிப்புக்குக் கல் கொட்டி வைத்திருப்பதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள், அதனால் நியாயமான கேள்வி. ஸ்டேஷன் தண்ணிக்குள் போயிருக்கும் என்று ஒரு கட்சி. கட்டடத்தைத் தூக்கி உயரத்தில் வைத்திருப்பார்கள் என்று இன்னொரு கட்சி. ரயிலே இருக்காது, எல்லோரும் மெட்ரோவில் போவார்கள் என்று மூன்றாவது கட்சி. அந்தக் கட்சியின் வீடு தண்டையார்பேட்டை மெட்ரோவுக்கு எதிரில். கண்டெய்னர் லாரி இருக்குமா? இருக்கும், அதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை, அப்போதும் வரிசையில்தான் நிற்கும். கடைசியில் எனக்குப் பிடித்த படம், டீக்கடையை வரைந்த பெண்ணுடையது. பாய்லர், கண்ணாடி டம்ளர், பன் பாட்டில், எதையும் மாற்றவில்லை. கடையை மட்டும் தண்ணீருக்கு மேல் தூக்கி நிறுத்தியிருந்தாள்.

அவள் செய்ததைத்தான் கிரேனிங்கும் கோஹனும் செய்தார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு எதிர்காலங்கள் தயாராகக் கிடந்தன. ஒன்று பளபளவென்று துடைத்து வைத்த எதிர்காலம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அப்படி ஒன்றை வைத்திருந்தது. நார்மன் பெல் கெடெஸ் வடிவமைத்த அந்த மாதிரி நகரத்தை, நகரும் நாற்காலியில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். 1960-ஆம் ஆண்டின் உலகம் என்று சொல்லி அதில் ஐந்து லட்சம் குட்டிக் கட்டடங்களையும் பத்து லட்சம் குட்டி மரங்களையும் வைத்திருந்தார்கள். அந்தக் காட்சியரங்கின் பெயர் ஃப்யூச்சராமா. தொடருக்குப் பெயர் அங்கிருந்துதான். இன்னொன்று, மழையும் இருட்டும் கொள்ளையுமாக எல்லாமே நாசமாகிப்போன எதிர்காலம். இவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, குழாய்க்குள் உறிஞ்சிக்கொண்டு போகிற போக்குவரத்தும் வேற்றுக்கிரகவாசிகளும் இருக்கிற ஊரில், பிடிக்காத வேலையும் எரிச்சலான அதிகாரியும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். ஓவியர்களுக்கும் அதில் ஒரு பிடி கிடைக்கிறது: எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது தெரிந்துவிடுகிறது.

சிக்கனம் செய்யத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது என்பதற்குப் பழைய கதைகள் இரண்டு உண்டு. கேபிள் வந்த புதிதில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்திருப்போமே, ‘தி ஜெட்சன்ஸ்’. 1962 செப்டம்பர் 23-இல் அதன் முதல் எபிசோடு வந்தது. ஏபிசி நிறுவனம் வண்ணத்தில் ஒளிபரப்பிய முதல் நிகழ்ச்சி அதுதான். நூறு வருஷம் தள்ளி நடக்கிற கதை. அதைத் தயாரித்த ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் பாத்திரங்கள் பலவற்றுக்குக் கழுத்தில் காலரோ டையோ ஏதாவது இருக்கும். கரடிக்குக்கூட. அழகுக்கு இல்லை. உடம்பை ஒரு தாளில் அப்படியே நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் வேறு தாளில் அசைத்தால், இரண்டும் சேருகிற கோட்டை அந்தக் காலர் மறைத்துவிடும். (ஃப்யூச்சராமாவின் முதல் எபிசோடு தலைப்புக்குக் கீழே ‘வண்ணத்தில்’ என்று ஒரு வரி போடுவார்கள். வண்ணம் என்பதே பெருமையாக இருந்த அந்தக் காலத்துக்கு அது ஒரு குத்தல்.)

இன்னும் கெட்டிக்காரத்தனம் ஜப்பானில் நடந்தது. ஒசாமு தெசுகா தன்னுடைய ‘ஆஸ்ட்ரோ பாய்’ காமிக்ஸை 1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி தொலைக்காட்சியில் வாராந்தர அரைமணி நேரத் தொடராகக் கொண்டுவந்தார். வாரம் ஒரு எபிசோடு என்பது அன்றைக்கு அங்கே யாரும் செய்திராத வேலை. ஒரு படத்தை மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்தினார்கள், நொடிக்கு 8 படம் போதும். பேசும்போது வாய் மட்டும் அசையும். பறக்கிற காட்சி, ஓடுகிற காட்சி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைத்து, பின்னணியை மாற்றித் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதற்கு ‘பேங்க்’ என்றே பெயர். சேனலிடம் விலையைக் குறைத்தே கேட்டார் தெசுகா, துண்டு விழுந்ததைப் பொம்மையும் ஸ்டிக்கரும் விற்று ஈடுகட்டப் பார்த்தார். மெய்ஜி சாக்லேட்டோடு ஆஸ்ட்ரோ பாய் ஸ்டிக்கர் இலவசம். இன்றைக்கு ஜப்பானிய அனிமேயில் முடி காற்றில் ஆட, முகம் அசையாமல் நிற்க, உணர்ச்சி பொங்குகிறது என்று நாம் ரசிக்கிற பாணிக்கு அந்தப் பணத்தட்டுப்பாட்டில் ஒரு வேர் இருக்கிறது.

ஃப்யூச்சராமாவுக்கு இந்த அளவு நெருக்கடி இல்லை. அவர்கள் பிடித்த குறுக்குவழி கம்ப்யூட்டர். விண்கப்பல் திரும்பும்போது கையால் வரைந்தால் ஒவ்வொரு கோணத்திலும் அளவு கொஞ்சம் கொஞ்சம் பிசகும், கப்பல் நெளியும். எனவே கப்பலையும் சில கட்டடங்களையும் முப்பரிமாண மாடலாகச் செய்து, அதைக் கோட்டோவியம் மாதிரியே தெரியும்படி தட்டையான நிறத்தில் எடுத்தார்கள். எபிசோடின் முடிவில் புத்தாண்டு வாணவேடிக்கைக்கு நடுவே கப்பல் கிளம்புகிற இடத்தைப் பாருங்கள். 1999-இல் தொலைக்காட்சிக் கார்ட்டூனில் கேமரா அப்படிச் சுற்றி வருவது புதுசு. கம்ப்யூட்டர் செய்தது என்று தெரியாமல் இருக்கவே பாடுபட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அந்தக் காலத்தில் எல்லோரும் கம்ப்யூட்டர் செய்தது என்று போஸ்டரில் போட்டுக்கொண்டிருந்தார்கள், சென்னையிலும்தான்.

சேனலோடு நடந்த இழுபறியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998-இல் கிரேனிங் கதை சொன்னதும் ஃபாக்ஸ் 13 எபிசோடுகளுக்கு ஒப்புக்கொண்டது. அப்புறம் பயம் வந்தது. காசு போட்டால் உயிரை எடுக்கிற தெருவோரச் சாவடி, ஃப்ரை அதை டெலிபோன் பூத் என்று நினைத்து வரிசையில் நிற்பது, திருடுகிற ரோபோ, இறால் மாதிரி இருக்கிற டாக்டர் என எல்லாம் அவர்களை உறுத்தியது. சிம்ப்சன்ஸில் கிடைத்த அதே சுதந்திரம் வேண்டும் என்று கிரேனிங் பிடிவாதமாக நின்றார். ஒளிபரப்பானதைப் பார்த்தாலே யார் ஜெயித்தார்கள் என்று தெரிகிறது. டேவிட் எஸ். கோஹன் என்கிற பெயர் எழுத்தாளர் சங்கத்தில் ஏற்கெனவே இன்னொருவருக்கு இருந்ததால், இவர் இந்தத் தொடரிலிருந்து டேவிட் எக்ஸ். கோஹன் ஆனார். இனிஷியலை வைத்து ஆளை அடையாளம் காண்கிற நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இப்போது ஒரு நிழலின் கதை.

ஃப்ரை நாற்காலியில் சாய்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், அவன் விழுவதற்குச் சற்று முன், மேஜைப் பக்கம் தரையில் ஒரு சின்ன நிழல் தெரியும். உருண்டைத் தலை, தலைக்கு மேல் ஆண்டெனா மாதிரி ஒன்று. முதல் தடவை பார்க்கிறவர் கவனிக்கவே மாட்டார். என் வகுப்புப் பையன் ஒருவன் கவனித்தான். “அண்ணா, அது சேரோட நெழலா? சேருக்கு ஏது கொம்பு?” என்றான். நான்காவது எபிசோடில் நிப்லர் என்கிற குட்டி ஜந்து வருகிறது, கதாநாயகி லீலாவின் செல்லப்பிராணியாக. நாலு வருஷம் கழித்து, 2003 ஏப்ரல் 6-இல் வந்த ‘தி ஒய் ஆஃப் ஃப்ரை’ எபிசோடில்தான் விஷயம் வெளியே வந்தது: அன்றைக்கு நாற்காலி தானாகக் கவிழவில்லை, நிப்லர் தள்ளிவிட்டிருக்கிறது. உறைபெட்டிக்குள் விழுந்தது விபத்து இல்லை, திட்டம்.

சினிமாவில் இப்படிச் சொன்னால், லைட்மேனின் தலை நிழல் விழுந்திருக்கும், பின்னால் அதற்குக் கதை கட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். அனிமேஷனில் நிழல் தானாக விழாது. விளக்கே கிடையாது, எங்கிருந்து விழும்? அந்தக் கருப்பு வடிவத்தைப் போடு என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். எதற்கு என்று தெரியாமலே இன்னொருவர் அதற்கு நிறம் கொடுத்திருக்கலாம். தொடர் 13 எபிசோடைத் தாண்டுமா என்பதே தெரியாத நேரத்தில், நாலு வருஷம் கழித்துச் சொல்லப்போகிற பதிலுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்கள். ஒருவேளை தொடர் நின்றுபோயிருந்தால் அது யாருக்கும் புரியாத ஒரு கறையாகவே இருந்திருக்கும்.

தேதியில் ஒரு வேடிக்கை உண்டு, இது மட்டும் சுத்தமான தற்செயல். தெசுகாவின் கதைப்படி ஆஸ்ட்ரோ பாய் என்கிற ரோபோ பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. அமெரிக்காவில் நிப்லரின் குட்டு உடைந்த அந்த ஞாயிறு மாலை, ஜப்பானில் அந்த ஏப்ரல் 7 விடிந்திருந்தது.

நிழலைவிட மலிவான இன்னொரு வேலையையும் செய்தார்கள். எதிர்கால ஊர் என்றால் சுவரிலும் போர்டிலும் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். வேற்றுக்கிரக எழுத்து என்று கிறுக்கிவிட்டுப் போயிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? வரைகிற செலவு ஒன்றுதான். ஆனால் எழுத்தாளர் குழுவில் இருந்தவர்கள் சும்மா இருக்கிற ஆட்கள் இல்லை. கோஹன் ஹார்வர்டில் இயற்பியலும் பெர்க்லியில் கணினி அறிவியலும் படித்தவர். கருகின அப்பங்களைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி எத்தனை தடவையில் அளவு வாரியாக அடுக்கலாம் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினவர். கென் கீலர் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர்கள் குழு ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி என்று வைத்து, போர்டுகளில் நிஜமாகவே நக்கல் எழுதி வைத்தது. எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தாலே பிடிபட்டுவிடுகிற ரகம். ரசிகர்கள் சீக்கிரமே உடைத்துவிட்டார்கள்.

குழுவுக்கு ரோஷம் வந்து, இரண்டாவது எழுத்து முறையைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு குறியும் ஒரு எண். முதல் குறியின் எண் நேராக எழுத்தைச் சொல்லும். அடுத்ததிலிருந்து, இந்தக் குறியின் எண்ணிலிருந்து முந்தின குறியின் எண்ணைக் கழிக்க வேண்டும். கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போனால் 26-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் உயிரெழுத்து பன்னிரண்டை வைத்துப் பார்க்கலாம். அ என்பது 0, ஆ 1, இப்படியே ஔ 11. குறிகள் 3, 5, 1 என்று வந்தால் முதல் எழுத்து ஈ. அடுத்தது 5-இல் 3 போக 2, அதாவது இ. அதற்கடுத்தது 1-இல் 5 போகாது, 12-ஐக் கூட்டினால் 8, அதாவது ஐ. ஒரே குறி ஒரு இடத்தில் ஒரு எழுத்து, இன்னொரு இடத்தில் வேறு எழுத்து. எண்ணிப் பார்க்கிற தந்திரம் இங்கே செல்லாது. அதையும் உடைத்துவிட்டார்கள், கூடுதலாகக் கொஞ்ச நாள் பிடித்தது.

இதைப் பலகையில் எழுதிக் காட்டிய வாரத்திலிருந்து எங்கள் ராயபுரம் படத்தில் பிளாட்பார போர்டு, டீக்கடை விலைப்பட்டியல், லாரியின் பின்பக்கம் எல்லாவற்றிலும் குறியாகவே இருக்கிறது. விலைப்பட்டியலை மட்டும் நான் படித்துவிட்டேன்: 3000-இல் டீ 4,000 ரூபாய், கடன் கிடையாது.